ஆசிரியர் மாறலாம்

சிங்கப்பூரில் நான் போகும் சமையல் பள்ளியைப் பற்றி யார் விசாரித்தாலும் முதல் கேள்வி விலைதான். இப்போது பல வகுப்புகளை மொத்தமாக வாங்கும் பேக்கேஜ் விலையை வேறு குறைத்துவிட்டார்களா, பொங்கோலில் இருக்கும் தோழி ஒருத்தி விளம்பரத்தை அப்படியே வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டு "சேரலாமா?" என்று கேட்டிருக்கிறாள். சேரு, சேராதே என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

வசதிகளில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆளுக்கொரு அடுப்பு, கூரான கத்தி, பாத்திரம் கழுவ ஆள், எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். சமைத்ததை எடுத்துப்போக டப்பா தருகிறார்கள். மூடி சரியாக மூடாது, குழம்பு என்றால் வீட்டு டப்பாவைக் கொண்டுபோங்கள். மற்றதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது. பொய் எதுவும் இல்லை.

ஆனால் நான் இத்தனை காலமாக அங்கே போய்க்கொண்டிருப்பது அடுப்புக்காக இல்லை, ஆசிரியர்களுக்காக. பள்ளியின்மேல் எனக்கிருக்கும் கோபமும் அவர்களை வைத்துத்தான்.

உள்ளே நுழைந்ததும் ஒரு சுவர் முழுக்க ஆசிரியர்களின் படம். எல்லாரும் வெள்ளைக் கோட்டுப் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கீழே எந்த ஹோட்டலில் வேலை பார்த்தார், என்ன பதக்கம் வாங்கினார் என்று இரண்டு வரி. சிலர் பெயருக்குப் பக்கத்தில் ஷாட்டெக் என்று இருக்கும். 1983-ல் ஹோட்டல் சங்கம் தொடங்கிய பயிற்சிப் பள்ளி அது, இந்த ஊர் ஹோட்டல் அடுப்படிகளில் அங்கே படித்துவந்தவர்கள் நிறைய. நல்ல தகுதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆசிரியர்களிடம் நான் கற்றுக்கொண்ட எதற்கும் அந்தச் சுவரில் தடயம் கிடையாது.

பெரனாக்கான் (மலாய்ப் பழக்கவழக்கங்களோடு கலந்துபோன சீன வம்சாவளியினர்) சமையல் எடுக்கும் ஆன்ட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரில் 'பாரம்பரிய உணவு நிபுணர்'. (உணவங்காடிக் கலாசாரம் 2020 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பிறகு அங்கே பாதி வகுப்புகளின் பெயரில் 'பாரம்பரியம்' வந்து ஒட்டிக்கொண்டது. அதற்கேற்றபடி விலையும்.) உண்மையில் அவர் வங்கிக் கவுண்ட்டரில் உட்கார்ந்து பணம் எண்ணிக்கொண்டிருந்தவர். சமையலைப் பாட்டியிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டார், ஓய்வு பெற்றபின் சொல்லிக்கொடுக்க வந்தார். அவருக்குப் பைத்தியம் ரெம்பாமேல்தான், அதாவது இடித்தெடுக்கும் மசாலா விழுதின்மேல்.

கல் உரலை மேசைமேல் வைத்து, அடியில் ஈரத்துணி விரித்துவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவார். முதலில் லெங்குவாஸ் (அரத்தை), செராய் (எலுமிச்சைப்புல்), மஞ்சள் கிழங்கு. அவை நார் தெரியாமல் மசிந்த பிறகு புவா கெராஸ் கொட்டையும் ஊறவைத்த காய்ந்த மிளகாயும். பெலாச்சான் என்னும் இறால் விழுதும் சின்ன வெங்காயமும் கடைசியில். வெங்காயத்தை முந்திப் போட்டால் அது தண்ணீர் விடும், மற்றதெல்லாம் குழவிக்கு அகப்படாமல் வழுக்கும். இதைப் புத்தகத்திலும் படிக்கலாம். புத்தகத்தில் இல்லாதது, அவர் பார்க்காமலே கண்டுபிடிப்பது. நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேறு மேசையில் நிற்பார். நம் உரலில் சத்தம் வறட்டுத் தட்டலிலிருந்து கொழகொழப்பாக மாறும்போது, "ஓகே, இப்போ மிளகாய்" என்று திரும்பாமலே சொல்வார். அளவு கேட்டால் 'அகாக் அகாக்' என்பார், கண்ணளவுதான். பள்ளி கொடுக்கும் தாளில் கிராம் கணக்கு அச்சடித்திருக்கும், அதை அவர் கையில் எடுத்து நான் பார்த்ததில்லை.

புவா கெலுவாக் அவர் கைக்கு வந்தால் தனி மரியாதை. பச்சையில் விஷம் உள்ள கொட்டை அது. வேகவைத்து, சாம்பலில் புதைத்துப் பதப்படுத்திய பிறகுதான் டெக்கா மார்க்கெட்டுக்கே வருகிறது. அதன் பிறகும் சில நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும், ஓட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஆன்ட்டி வீட்டிலேயே ஊறவைத்துப் பையில் தூக்கிக்கொண்டு வருவார். ஒவ்வொன்றாக வாயைத் தட்டி உடைத்து, உள்ளே இருக்கும் கறுப்புச் சதையை மூக்கருகே கொண்டுபோவார். பிடிக்காததை ஒரு வார்த்தை பேசாமல் குப்பையில் போடுவார். ஒன்று கெட்டிருந்தால் சட்டி முழுக்கக் கசக்கும். பெரனாக்கான் வீடுகளில் சமையல் குறிப்பு வாசலைத் தாண்டாது என்று ஒரு பேச்சு உண்டு. முதல் பிரதமர் லீ குவான் இயூவின் தாயார் சுவா ஜிம் நியோ (திருமதி லீ சின் கூன்) வெளியாட்களுக்குச் சொல்லிக்கொடுத்து, 1974-ல் புத்தகமாகவும் போட்டார். இந்த ஆன்ட்டியும் அந்த வழி. கேட்டால் மறைக்க மாட்டார், கேட்காவிட்டாலும் விடமாட்டார்.

அடுத்தவர் ரொட்டி பிராட்டா எடுக்கும் பாய். தாத்தா கடையநல்லூரிலிருந்து வந்தவர், தஞ்சோங் பகார் பக்கம் அந்த ஊர்க்காரர்கள் நிறையக் குடியிருந்த காலத்தில். குடும்பக் கடையை அப்பா நடத்தினார், பிறகு பாய் நடத்தினார், பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், கடையைக் கொடுத்துவிட்டார். மாவை வீசிக் காட்டிக் கைதட்டு வாங்கும் ஆசை அவருக்குக் கிடையாது. முதல் அரைமணி நேரம் நம்மை வீசவே விடமாட்டார். முந்தின இரவு பிசைந்து எண்ணெயில் கிடந்த உருண்டையைக் கையில் கொடுத்து, "அழுத்திப் பாருங்க, எழும்பி வருதா?" என்று கேட்பார். விரல் குழி அப்படியே நின்றால் மாவு தயார். எழும்பி வந்தால் இறுக்கம் இன்னும் போகவில்லை, வீசினால் கிழியும். வீசுவதும் மணிக்கட்டால்தான், தோளால் இல்லை. நம் ஊரில் பரோட்டாவைச் சுருட்டிச் சுட்டு, இரண்டு கையாலும் அடித்து உதிர்ப்பார்கள். இங்கே நாலாக மடித்துக் கல்லில் போடுகிறார்கள். எது உசத்தி என்று ஒரு முறை வகுப்பே இரண்டுபட்டது. பாய் மட்டும் வாயைத் திறக்காமல் மீன் குழம்பை ருசி பார்த்துக்கொண்டிருந்தார்.

குரோசோன்ட் எடுக்கும் பெண் தணிக்கை நிறுவன வேலையை விட்டுவிட்டு வந்தவர். சட்டைப்பையில் எப்போதும் தெர்மாமீட்டர். வெண்ணெய் 15 டிகிரி பக்கம் இருந்தால்தான் மாவோடு சேர்ந்து மடியும், இந்த ஊர் வெக்கையில் விட்டால் மாவுக்குள் உருகிப்போய் அடுக்கே வராது. அதனால் அந்த வகுப்புக்கு ஸ்வெட்டர் வேண்டும். எனக்கு பேக்கிங்கில் ஈடுபாடு குறைவு, அவரைப் பற்றி இவ்வளவு போதும்.

சரி, இவ்வளவு நல்ல ஆட்களை வைத்துக்கொண்டு பள்ளி என்ன செய்கிறது? யார் வருவார் என்று சொல்ல மாட்டேன் என்கிறது. பதிவு செய்யும் பக்கத்தில் பண்டத்தின் பெயர், தேதி, பளபளவென்று ஒரு படம். அடியில் எறும்பு சைஸ் எழுத்தில் 'ஆசிரியர் மாற்றத்திற்கு உட்பட்டது'. முந்தின நாள் சாயங்காலம் குறுஞ்செய்தி வந்தால் உங்கள் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் கதவைத் திறந்து உள்ளே போய்த்தான் தெரியும். கேஸ் சிலிண்டரை மாற்றுகிற மாதிரி ஆளை மாற்றுகிறார்கள். தேவகி சண்முகம் போன்ற சமையல் ஆசிரியர்களிடம் பெயரைக் கேட்டே ஆட்கள் போய்க் கற்றுக்கொண்ட ஊர் இது. சமையல் வகுப்புக்கு ஆளைப் பார்த்துத்தான் சேருவார்கள் என்பது இவர்களுக்கு மட்டும் தெரியாதா?

அந்தக் கொட்டையைக் கோழியோடு சமைக்கும் அயாம் புவா கெலுவாக் வகுப்பு ஒன்றுக்கு ஆன்ட்டியை நம்பிப் பணம் கட்டியிருந்தேன். உள்ளே போனால் ஹோட்டல் அங்கிள் ஒருவர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். தாளில் 'ரெம்பாவை பிளெண்டரில் அரைக்கவும்' என்று இருக்கிறது, அவரும் அப்படியே சொன்னார். பிளெண்டர் சுற்றவில்லை. உதவிக்கு நின்ற பையன் ஒரு கப் தண்ணீர் ஊற்றினான், சுற்றியது. அந்தக் கரைசலைச் சட்டியில் ஊற்றினால் எங்கே வதங்கும்? கொதித்தது. ஆன்ட்டி வகுப்பில் சின்னத் தீயில் கிளறிக்கொண்டே இருப்போம். எண்ணெய் பிரிந்து விளிம்பில் சிவப்பாக நிற்கும்வரை, அவர்கள் சொல்லும் 'பெச்சா மின்யாக்' வரும்வரை, அடுத்த பொருளைத் தொட முடியாது. அன்றைக்கு எண்ணெய் பிரியவே இல்லை. அடுத்த வகுப்புக்காரர்கள் வெளியே நிற்கிறார்கள் என்று புளித்தண்ணீரை ஊற்றிவிட்டோம். கொட்டைகளை யாரும் முகர்ந்தும் பார்க்கவில்லை. எங்கள் மேசைச் சட்டி கசந்தது. வகுப்புக்கு நூறு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல், 9 விழுக்காடு ஜிஎஸ்டி தனி.

அங்கிளைத் திட்ட மனம் வரவில்லை. சட்டியை ருசி பார்த்தவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இது என் சமையல் இல்லை" என்று நேராகவே சொன்னார். மிச்சமிருந்த ஒரு முழுக் கோழியை எடுத்து, மூட்டு எங்கே இருக்கிறது என்று விரலால் தடவிக் காட்டிக்கொண்டே துண்டு போட்டார். எலும்பு ஒன்றுகூடச் சிதறவில்லை. அப்போதுதான் பேச்சு வந்தது. ஹைனானியர் (சீனாவின் ஹைனான் தீவிலிருந்து வந்த வம்சம்), அப்பா ஒரு பிரிட்டிஷ் அதிகாரி வீட்டில் சமையல்காரராக இருந்தவராம். மற்ற சீனச் சமூகத்தாருக்குப் பிறகு வந்துசேர்ந்த ஹைனானியர்களுக்கு வியாபாரத்தில் இடம் கிடைக்கவில்லை, வெள்ளைக்காரர் வீடுகளிலும் கப்பல்களிலும் அடுப்படிதான் கிடைத்தது என்றார். துரைமாருக்குச் சமைத்த கை வீட்டில் கோழிச்சோறு செய்யும் விதத்தை அவர் விவரித்தபோது, கசந்த சட்டி மறந்துபோனது.

பிறகு அவருடைய கோழிச்சோறு வகுப்புக்குத் தேடிப்போனேன். அந்தப் பள்ளியில் நான் உட்கார்ந்த வகுப்புகளிலேயே அதுதான் சிறந்தது. தண்ணீர் கொதித்துக் குதிக்கக் கூடாது, மேலே லேசாக நடுங்கினால் போதும். கொக்கியில் மாட்டிய கோழியை உள்ளே இறக்குவார், தூக்குவார், வயிற்றிலிருக்கும் தண்ணீரை வடித்துவிட்டு மறுபடி இறக்குவார். வெளியே எவ்வளவு சூடோ உள்ளேயும் அவ்வளவு சூடு வர வேண்டும், அதற்குத்தான். வெந்ததும் ஐஸ் தண்ணீரில் முக்கி எடுத்து, புறங்கையால் தோலைத் தொட்டுப் பார்ப்பார். தோல் வழவழவென்று இறுகி, அடியில் மெல்லிய ஜெல்லி நிற்க வேண்டும். சரியில்லை என்றால் முகத்தில் தெரியும், பேச மாட்டார். சோற்றுக்கு அரிசியைக் கோழிக் கொழுப்பில் இஞ்சி, பூண்டு, பாண்டான் இலையோடு வதக்கிவிட்டுத்தான் தண்ணீர். ஆள் மாறாமல் இருந்திருந்தால் இந்த மனிதரை எனக்குத் தெரிந்தே இருக்காது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவர் படத்துக்குக் கீழே அப்பாவைப் பற்றி ஒரு வரி போட்டிருந்தால் நான் முன்பே சேர்ந்திருப்பேனே! அங்கே இருப்பது 'வெள்ளிப் பதக்கம்'.

அலுவலகத்தில் புகார் சொன்னேன். எல்லா ஆசிரியர்களும் எல்லா வகுப்புக்கும் பயிற்சி பெற்றவர்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்லி, ஒரு வவுச்சர் கொடுத்தார்கள். வவுச்சரிலும் அதே எறும்பு எழுத்து.

தோழியின் இன்னொரு கேள்வி: 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அரசாங்கம் 2024-ல் போட்ட ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சிப் பணம் 4000 வெள்ளியை இதற்குப் பயன்படுத்தலாமா? அந்தப் பணம் வேலைக்கு உதவும் என்று தேர்ந்தெடுத்த படிப்புகளுக்கு மட்டும். இந்த மாதிரிப் பொழுதுபோக்கு வகுப்பை நம்பி அதைக் கணக்கில் வைக்காதே.

ஆக, ஆசிரியர்களுக்கு ஐந்துக்கு ஐந்து. அவர்களைப் போல ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க இந்த ஊரில் கொடுத்துவைத்திருக்க வேண்டும். பேக்கேஜ் எடுக்காதே. விலை எவ்வளவு குறைத்தாலும் எடுக்காதே. ஆறு மாதத்தில் காலாவதி, யார் வருவார் என்ற உத்தரவாதம் கிடையாது, வாங்கியபின் நீ என்ன கத்தினாலும் ஒரு வவுச்சர்தான். நேற்று ராத்திரி எனக்கு வந்த குறுஞ்செய்தியைப் பார்த்தபிறகு எழுதுகிறேன், அதனால் சூடு கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். இருக்கட்டும்.

போய்த்தான் தீருவேன் என்றால் ஒற்றை வகுப்பாகக் கட்டு, விலை கூடத்தான். கட்டுவதற்கு முன் நேரில் போய்க் கவுண்ட்டரில் இருக்கும் பெண்ணிடம் கேள். வார அட்டவணை அவள் கணினியில் இருக்கிறது, கேட்டால் மட்டும் சொல்லுவாள், போனில் சொல்ல மாட்டாள். அப்புறம், பாய் நோன்பு மாதத்தில் வகுப்பு எடுப்பதில்லை. அந்த மாதத்தில் ரொட்டி பிராட்டா என்று போட்டிருந்தால் அது வேறு யாரோ.