படிப்பு விசாவில் வேலை: எந்த நாட்டு மணிக்கணக்கு நம் பிள்ளைக்கு ஒத்துவரும்?

வேலூரில், காட்பாடி காந்தி நகரிலும் ஆபீசர்ஸ் லைனிலும் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆலோசனை சொல்லும் அலுவலகங்களுக்குப் பஞ்சமில்லை. மாடியேறிப் போனால் முதலில் கைக்கு வருவது ஒரு துண்டறிக்கை. பிரிட்டன் வாரம் 20 மணி நேரம், கனடா 24, ஆஸ்திரேலியா இரண்டு வாரத்துக்கு 48, ஜெர்மனி ஆண்டுக்கு 140 நாள், அமெரிக்கா 20. குடியாத்தத்திலிருந்தோ ஆம்பூரிலிருந்தோ வீட்டுப் பத்திரத்தைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருக்கும் அப்பா, அந்த எண்களை அந்த ஊர்ச் சம்பளத்தால் பெருக்கி, வங்கித் தவணையைக் கழிக்கத் தொடங்கிவிடுவார். ஆலோசகரும் தடுக்க மாட்டார். அவருக்கு வரவேண்டியது கல்லூரியிடமிருந்து வந்துவிடும்.

எண் பெரிதா சிறிதா என்று பார்ப்பதற்கு முன்னால், அதை எப்படி எண்ணுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பிள்ளையின் பாடு அதில்தான் அடங்கியிருக்கிறது.

பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். நம் ஊரிலிருந்து போகிறவர்களில் பலர் ஓராண்டு முதுகலைப் படிப்புக்குத்தான் போகிறார்கள். பட்டப் படிப்புக்கும் அதற்கு மேலும் வாரம் 20 மணி நேரம். அதற்குக் கீழான படிப்பென்றால் 10தான். வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரை. இந்த வாரம் 12, அடுத்த வாரம் 25, சராசரி 20க்குள் என்று வாதாட முடியாது. அந்த 25 விதிமீறல். இரண்டு கடைகளில் வேலை செய்தால் இரண்டையும் கூட்ட வேண்டும். சம்பளமில்லாமல் செய்யும் வேலையும் இதே கணக்கில் வரும்.

விடுமுறையில் முழு நேரமும் செய்யலாமே என்பார்கள். இங்கேதான் ஓராண்டு முதுகலைக்காரர் மாட்டிக்கொள்கிறார். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஊரே விடுமுறையில் இருக்கும். ஆனால் அவருக்கு அது ஆய்வேடு எழுதும் காலம், அதாவது படிப்புக் காலம். அப்போதும் 20 மணி நேரம்தான். முழு நேரம் வேலை செய்ய அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் விடுமுறைகள் மட்டுமே. 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை 21 வயது நிரம்பியவருக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது. அந்தக் கூலியில் வாரம் முழுதாக 20 மணி நேரம் கிடைத்தாலும் 244 பவுண்டு. அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் ஓரளவு கைகொடுக்கும். கல்விக் கட்டணத்தை அதிலிருந்து கட்டலாம் என்று சொல்பவர் பொய் சொல்கிறார்.

சைக்கிளில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும் அங்கே நம் பிள்ளைகளுக்கு வைத்த கண்ணி. செயலி நிறுவனங்கள் அவர்களைச் சுயதொழில் செய்பவர்களாகவே சேர்த்துக்கொள்கின்றன. பிரிட்டனின் மாணவர் விசாவில் சுயதொழில் கூடாது. ஒரு மணி நேரம் செய்தாலும் தவறு தவறுதான். இன்னொருவரின் செயலிக் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டுவது அதைவிட மோசம். அனுமதியில்லாமல் ஆளை வைத்துக்கொள்ளும் முதலாளிக்கு 2024 பிப்ரவரி முதல் ஓர் ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம். மறுபடியும் பிடிபட்டால் 60,000 வரை. ஒழுங்கான கடைக்காரர் எவரும் 21ஆவது மணி நேரத்தைக் கொடுக்க மாட்டார். கொடுக்கிறவர் கையில் ரொக்கமாக, குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுப்பார். வாங்கியவர் போய் எங்கே புகார் சொல்வது?

ஆஸ்திரேலியாவின் கணக்கு கொஞ்சம் இளக்கமானது. 2023 ஜூலை 1 முதல் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். தேர்வு வாரத்தில் 14 மணி நேரம், அடுத்த வாரம் 34 என்று மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்த இரண்டு வாரம் சம்பளச் சீட்டில் இருக்கும் இரண்டு வாரம் அல்ல. எந்தத் திங்கட்கிழமையில் தொடங்கி எண்ணினாலும் 14 நாளுக்குள் 48ஐத் தாண்டக் கூடாது. முதல் வாரம் 14, இரண்டாம் வாரம் 34, மூன்றாம் வாரம் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டும் சேர்ந்து 48, சரி. இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து 54, மீறியாகிவிட்டது. மேலாளர் போட்ட அட்டவணை என்று தப்பிக்க முடியாது, கணக்கு மாணவர் தலையில்தான்.

அந்த இளக்கத்துக்கு விலையும் உண்டு. 2025 ஜூலை முதல் விசாக் கட்டணமே 2,000 ஆஸ்திரேலிய டாலர். ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு 29,710 டாலர் கையிருப்பு காட்ட வேண்டும். கல்விக் கட்டணமும் பயணச் செலவும் தனி. படிப்பு தொடங்கும் முன் வேலைக்குப் போகக் கூடாது. ஆனாலும் கூலியில் ஏமாற்றப்பட்டால் அரசின் பணியிடக் கண்காணிப்பு அமைப்பிடம் போகலாம். உதவி கேட்டு வந்தவரின் விசாவைப் பொதுவாக ரத்து செய்வதில்லை. பிரிட்டனோடு ஒப்பிட்டால் இதை நான் பெரிய வித்தியாசமாகவே நினைக்கிறேன்.

கனடாவில் 2024 நவம்பர் 8 முதல் வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி நேரம். வளாகத்துக்குள்ளே வரம்பில்லை, திட்டமிட்ட விடுமுறையில் வெளியேயும் முழு நேரம் செய்யலாம். சத்துவாச்சாரியில் யாரோ ஒருவரின் பெரியப்பா மகன் அங்கே போய் இரண்டு வேலை பார்த்தே கடனை அடைத்தார் என்ற கதையை எல்லோரும் கேட்டிருப்போம். கதை உண்மையாகவே இருக்கலாம். 2022 நவம்பர் முதல் 2024 ஏப்ரல் 30 வரை கனடா அந்த வரம்பைத் தளர்த்தியிருந்தது. ஆஸ்திரேலியாவும் 2023 ஜூன் வரை அப்படித்தான். அந்தக் கதவு மூடியாகிவிட்டது. அண்ணன் சொல்வதைக் கேட்டு இன்று கடன் வாங்குகிறவர் பழைய கால அட்டவணையைப் பார்த்து ரயிலுக்குப் போகிறவர் மாதிரிதான்.

அமெரிக்காவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பாடம் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள்ளே மட்டும் வாரம் 20 மணி நேரம். முதல் கல்வியாண்டில் வெளியே வேலை கிடையாது. பெட்ரோல் பங்கில் ரொக்கத்துக்கு நிற்பவர் தன் மாணவர் தகுதியையே பணயம் வைக்கிறார். அங்கே போகிறவர்கள் கண் வைப்பது படிப்புக்குப் பிறகு கிடைக்கும் ஓராண்டுப் பணிப் பயிற்சி அனுமதி மீதுதான். அறிவியல், பொறியியல் படித்தவர்களுக்கு மேலும் 24 மாதம் நீட்டிப்பு உண்டு. படிக்கும்போதே சம்பாதித்தாக வேண்டிய வீட்டுப் பிள்ளைக்கு அமெரிக்கா வேண்டாம்.

ஜெர்மனியின் விதியைத்தான் துண்டறிக்கைக்காரர்கள் முழுதாகச் சொல்வதே இல்லை. ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். 2024 மார்ச்சுக்கு முன்னால் இது 120, 240. நான்கு மணி நேரம் வரை அரை நாள். இன்னொரு வழியும் சட்டத்திலேயே இருக்கிறது. பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்குள் வேலை என்றால், அந்த வாரத்தை இரண்டரை நாளாகக் கழித்துக்கொள்ளலாம். விடுமுறையில் முழு நேரம் செய்த வாரத்துக்கும் அதே இரண்டரை நாள்தான். 52 வாரத்துக்கும் போட்டால் 130 நாள். பத்து நாள் மிச்சம்! பல்கலைக்கழகத்திலேயே ஆய்வு உதவியாளராக இருந்தால் அது இந்தக் கணக்கில் சேராது. சுயதொழிலுக்கு மட்டும் தனி அனுமதி வேண்டும்.

அங்கே சிக்கல் வேறு இடத்தில். ஆங்கிலத்தில் பாடம் நடத்தும் படிப்பில் சேர்ந்துவிடலாம். பேக்கரியில் கல்லாவுக்குப் பின்னால் நிற்க ஜெர்மன் வேண்டும். காட்பாடியிலேயே ஓராண்டு உட்கார்ந்து மொழியைப் படித்துவிட்டுப் போகிறவருக்கும், போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று போகிறவருக்கும் முதல் குளிர்காலத்திலேயே வேறுபாடு தெரிந்துவிடும்.

இடையில் ஒன்று. வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் படிக்க நம் ஊருக்கு வந்திருக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கு நாம் கொடுக்கும் மாணவர் விசாவில் பகுதி நேர வேலைக்கே இடமில்லை. அங்கே 20 மணி நேரம்தானா என்று சலித்துக்கொள்பவர்கள் இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

என் வரிசை இது. கடனுக்கு வீட்டை ஈடு வைக்கும் குடும்பமென்றால் முதலில் ஜெர்மனி, மொழி கற்கும் பொறுமை இருந்தால். அடுத்து ஆஸ்திரேலியா, முதல் ஆண்டுப் பணம் முழுதும் கையில் இருந்தால். பிறகு கனடா. ஓராண்டு பிரிட்டன் கடைசி. படிப்புக்குப் பிறகு அங்கே தங்கி வேலை தேடும் காலமும், 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு, முனைவர் பட்டம் பெற்றவர்கள் தவிர, இரண்டு ஆண்டிலிருந்து 18 மாதமாகிறது. எந்த நாடானாலும் வேலை வருமானத்தை வங்கித் தவணைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஓராண்டுச் செலவுக்கென்று ஜெர்மனி விசாவுக்குக் கேட்கும் 11,904 யூரோ, மாதத் தொகைக்கு மேல் எடுக்க முடியாத முடக்கக் கணக்கில் கிடந்து மாதம் 992ஆகத்தான் கைக்கு வரும். அது பிள்ளையின் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் ஒதுக்கியது. தவணைக்கு வேலூரில்தான் வழி பார்த்தாக வேண்டும்.