டெலிவரிக்கு சரக்கு சைக்கிளா, மின்சார வேனா?

நடுத்தர நகரங்களில் பார்சல் டெலிவரி தொடங்குபவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அல்லாடுகிறார்கள்.

விலை: பேட்டரி பொருத்திய சரக்கு சைக்கிள் வேனைவிடப் பல மடங்கு மலிவு.

சுமை: சைக்கிளில் 100 முதல் 200 கிலோ, சிறு வேனில் 500 கிலோவுக்கு மேல்.

நிறுத்தம்: இங்கேதான் சைக்கிள் ஜெயிக்கிறது. கடைத்தெருவில் வேன்காரர் இடம் தேடிச் சுற்றுவார். கடைசியில் நடுரோட்டில் நிறுத்திவிட்டுத் திட்டு வாங்குவார். சைக்கிள்காரர் வாசலிலேயே ஸ்டாண்டு போட்டு, பெட்டியைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார்.

தேய்மானம்: சைக்கிளில் செயினும் பிரேக் கட்டையும் சீக்கிரம் தேயும், செலவு சின்னதுதான்.

மழை: வேன்தான், சந்தேகமே வேண்டாம்.

சரி, எது யாருக்கு? நெருக்கமான தெருக்கள், சின்னப் பார்சல்கள், பக்கத்திலேயே ஒரு குட்டிக் கிடங்கு இருந்தால் சைக்கிள். கிடங்கு ஊருக்கு வெளியே என்றால் மிதிப்பதிலேயே பாதி நாள் போய்விடும். புறநகர், ஃப்ரிட்ஜ், சோபா என்றால் வேன்.