சொந்தக் கம்பெனியே ஸ்பேமில் தள்ளிய என் மெயில்கள்: ஆறு வருட பிராட்பேண்ட் அனுபவம்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு லைன் இழுத்த உள்ளூர் பிராட்பேண்ட் கம்பெனியில் ஆறு வருடமாக இருக்கிறேன். வேகத்தில் குறையில்லை. மழைக்காலத்தில் போகும், வரும். அது இந்தப் பக்கம் எல்லாருக்கும் உள்ளதுதான். என் பேச்சு இணைப்போடு சும்மா கொடுத்த மெயில் முகவரியைப் பற்றி.

மண்ணடியில் கிளியரிங் ஏஜென்சி வேலை எனக்கு. ராத்திரி வீட்டிலிருந்து பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சரக்குக்கான சுங்கப் படிவம்) நகலை அனுப்பினால், திருவொற்றியூர் லாரிக்காரர் காலையில் துறைமுகத்துக்கு வண்டி அனுப்புவார். அவருக்கும் அதே கம்பெனி மெயில்தான். ஜிமெயில்காரர்களுக்கு ஒழுங்காகப் போன என் மெயில், அவரிடம் மட்டும் அடிக்கடி ஸ்பேமில் விழுந்தது. ஒரு கண்டெய்னருக்கு டெமரேஜ் (நேரத்துக்கு எடுக்காததற்கான தாமதக் கட்டணம்) கட்டியதும் பொறுமை போய்விட்டது.

கஸ்டமர் கேரில், “நாட் ஸ்பேம் அழுத்தச் சொல்லுங்க சார்” என்றார்கள். அழுத்தினார். கரண்ட் போய் மோடம் திரும்ப எழுந்ததும் பழைய கதை.

அப்புறம்தான் அவரிடம் முழு ஹெடரை, அதாவது மெயில் வந்த வழியைச் சொல்லும் மறைவான வரிகளை, வாங்கிப் பார்த்தேன். ஸ்பாம்அசாசின் என்ற ஸ்பேம் ஃபில்டர் மார்க் போட்டிருந்தது. வழக்கமாக 5 எட்டினால் ஸ்பேம், எனக்கு 5.4. பாதிக்கு மேல் ஒரே காரணத்துக்கு: என் ஐபி முகவரி (இணையத்தில் என் இணைப்புக்கான எண்) ஸ்பாம்ஹாஸ் என்ற ஸ்பேம் தடுப்பு அமைப்பின் பிபிஎல் பட்டியலில் இருக்கிறது. அதில் இருப்பது குற்றமில்லை. வீட்டு இணைப்பிலிருந்து யாரும் நேராக வெளி சர்வருக்கு மெயில் தள்ளக்கூடாது, அவ்வளவுதான் அதன் அர்த்தம். நானோ கம்பெனி சர்வரிடம்தான் கொடுத்தேன். ஜிமெயிலுக்குப் போகும்போது கொண்டுபோய்க் கொடுப்பது கம்பெனி சர்வர். லாரிக்காரருக்குப் போகும்போது அதே சர்வரின் வாசலில் நிற்பது என் வீட்டு ஐபி. ஃபில்டர் என்னை வெளியாளாக நினைத்துவிட்டது. போதாததற்கு, மோடம் எழுந்தபோது கிடைத்த புது ஐபியில் முன்பு யாரோ வைரஸ் கம்ப்யூட்டர் வைத்திருந்திருக்கிறார்கள். அந்தப் பாவமும் என் தலையில். தலைப்பில் ‘அர்ஜென்ட்’ என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் போட்டது மட்டும் என் தப்பு.

ஹெடரை அனுப்பிய பிறகு ஒரு இன்ஜினியர் தம்பி கூப்பிட்டார். “உங்க ஐபி வரிசை முழுசையும் நம்பச் சொல்லிடுங்களேன்” என்றேன். “வேணாம்ணே, ஒரு வீட்டு கம்ப்யூட்டர்ல வைரஸ் வந்தா அதுவும் உள்ளே வந்துடும்” என்றார். நியாயம்தான். பதிலாக, பாஸ்வேர்டு இல்லாமல் 25ஆம் போர்ட்டில் (சர்வரில் மெயில் நுழையும் வாசல் எண்) அனுப்பிக்கொண்டிருந்த என்னை 587க்கு மாற்றி, பாஸ்வேர்டைக் கட்டாயமாக்கினார். லாகின் ஆகி அனுப்பினால் சர்வர் அதை ஹெடரில் இஎஸ்எம்டிபிஏ என்று குறித்துவிடும். தங்கள் சர்வரையே ஃபில்டரின் நம்பகமான நெட்வொர்க் பட்டியலில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள், அதையும் சேர்த்தார். இப்போது ஃபில்டர் அந்தக் குறிப்பைப் பார்த்து, என் வீட்டு ஐபியைக் கறுப்புப் பட்டியலில் தேடுவதில்லை.

ஒன்றரை வருடமாக ஒரு மெயிலும் ஸ்பேமில் விழவில்லை. பாஸ்வேர்டு திருடுபோனால் என்ன ஆவது என்று மணிக்கு இத்தனை மெயில் என ஒரு வரம்பும் வைத்திருக்கிறார்கள். அது எத்தனை என்று யாரும் சொல்லவில்லை. பொங்கல் விடுமுறை அறிவிப்பை எல்லாக் கஸ்டமருக்கும் அனுப்பப் போய், பாதியில் நின்ற பிறகுதான் அப்படி ஒன்று இருப்பதே தெரிந்தது.