சீஸ்டார் எஸ்50: மூட்டம் விலகும் 20 நிமிடத்துக்கு ஏற்ற தொலைநோக்கி

மஸ்கெலியாவில் எங்கள் வீட்டு வாசலில் நின்றால் வடக்குப் பக்கம் முழுக்கத் தேயிலை மலை. இங்கே துருவ நட்சத்திரம் 7 பாகை உயரத்தில்தான் நிற்கும். எனக்கு அது மலைக்குப் பின்னால். முன்பு வைத்திருந்த 6 அங்குலத் தொலைநோக்கியின் தாங்கியை அந்த நட்சத்திரத்துக்கு நேராகத் திருப்பி வைக்க வேண்டும். அதற்கு வழி தேடிக்கொண்டிருக்கும்போதே பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறிவிடும். இரண்டு வருடத்தில் ஒரு நெபுலாப் படம்கூட, அதாவது விண்வெளி வாயு மேகத்தின் படம்கூட, உருப்படியாக வரவில்லை.

சீஸ்டார் எஸ்50 வாங்கியது அதனால்தான். மொத்தமே இரண்டரைக் கிலோ. முக்காலியை மட்டம் பார்த்து வைத்து, போனில் ஓரியன் நெபுலாவைத் தொட்டால் போதும். தானே வானத்தைப் படம் பிடித்து, எந்த நட்சத்திரம் எது என்று கண்டுபிடித்து, சரியான இடத்துக்குத் திரும்பிவிடும். துருவ நட்சத்திரம் தேவையே இல்லை. மலையகத்தில் இருப்பவர்களுக்கு இந்த ஒன்றுக்காகவே வாங்கலாம் என்பேன்.

50 மில்லிமீட்டர் லென்ஸ்தான். ஆனால் 10 விநாடிப் படங்களாக எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகிறது. பெப்ரவரியில் ஒரு இரவு 20 நிமிடம் வானம் திறந்தது. முதலில் மங்கலான ஒரு கறை. 100 படம் சேர்ந்தபோது சிவப்புச் சிறகு விரிந்திருந்தது. அம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து பார்த்தார். "இது நம்ம வாசலுக்கு மேலயா இருக்கு?" நான் மேலே கை காட்டினேன். அந்த வெளிச்சம் கிளம்பி ஏறத்தாழ 1,300 வருடம் ஆகிறது என்றேன். மூட்டம் வந்து மூடும்வரை அவர் உள்ளே போகவில்லை.

உள்ளேயே ஒரு பில்டர் இருக்கிறது. ஐதரசனின் சிவப்பையும் ஒட்சிசனின் நீலப்பச்சையையும் சுற்றியுள்ள குறுகிய பட்டைகளை மட்டும் விடும். பெக்டரி விளக்கு வெளிச்சம் அதில் பெருமளவு அடங்கிவிடுகிறது. லென்ஸைச் சூடாக்கும் வசதியை மட்டும் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள். முதல் இரவு நான் மறந்துவிட்டேன், அரை மணி நேரத்தில் கண்ணாடி பனித்துப்போனது.

இன்னொன்று. ஓரியன் நமக்குக் கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே போகும். அந்த நேரத்தில், மேல் கீழும் பக்கவாட்டிலும் மட்டும் திரும்பும் இந்த வகைத் தாங்கியில் காட்சி வேகமாகச் சுழலும். ஒரு படத்துக்கு 10 விநாடிக்குப் பதில் 30 விநாடி வைத்தால் ஓரத்து நட்சத்திரங்கள் இழுபடும். பெப்ரவரி நடுவில் அது 8 மணியளவில் உச்சிக்கு வரும். நான் ஒன்பதரைக்கு மேல், அது மேற்கே சாய்ந்த பிறகுதான் தொடங்குவேன்.

சென்சர் 2 மெகாபிக்சல். போனில் பார்க்க அழகு, பெரிதாக அச்சிட்டுச் சுவரில் மாட்டப் போதாது. ரோசெட் நெபுலா ஒரே சட்டத்துக்குள் அடங்காது. துண்டு துண்டாக எடுத்து ஒட்டலாம், அதற்கு நீண்ட நேரம் தெளிந்த வானம் வேண்டும்.

மார்ச் வந்தால் கரினாவைப் பாருங்கள். ஐரோப்பாவில் இருந்து தெரியாத நெபுலா, நமக்குத் தெற்கே 23 பாகை உயரம் வரை ஏறும். மாத நடுவில் 11 மணி தாண்டியதும், சிவனொளிபாதமலைப் படி விளக்குகளுக்கு இடப்பக்கமாக.