4,800 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு ஜோடி டயரையே கொன்று அனுப்பியிருக்கிறார்கள்

பார்சல் நேற்று சாயங்காலம் வந்தது. விரலில் ஒட்டிய கருப்புக் கறை, சோப்புப் போட்டுத் தேய்த்தும் இன்னும் போகவில்லை. பழைய சைக்கிள் வைத்திருக்கும் வேறு யாரும் இதில் மாட்டக் கூடாது, அதனால்தான் ஆத்திரம் அடங்கும் முன்பே எழுதுகிறேன்.

28 x 1½ அங்குல ரோட்ஸ்டர் டயர்கள், அதாவது அந்தக்காலத்துப் பெரிய சைக்கிளின் டயர்கள். ஓட்டுவதற்கு இல்லை, வண்டியில் மாட்டிப் பார்வைக்கு வைக்க. பக்கவாட்டில் டன்லப் என்ற எழுத்தும் அளவும் மேடாக, தெளிவாக இருந்தன. காய்ந்த சேறு, பழுப்புக் கறை, மயிரிழை வெடிப்பு, இவ்வளவுதான் குறை. பழைய சாமான்களைப் புதுப்பித்துத் தருவதாக ஆன்லைனில் விளம்பரம் போடும் ஒரு சேவையிடம் கொடுத்தேன். முன்பணம் 3,000, அனுப்பும் முன் 1,800. ஆக 4,800 ரூபாய்.

"பெட்ரோல், தின்னர் பக்கமே போக மாட்டோம் சார். சோப்புத் தண்ணியும் டூத் பிரஷும்தான்" என்றார்கள். தொழில் தெரிந்தவர் சொல்லும் பதில் அது. அங்கேதான் நம்பினேன். மூன்றாம் நாள் ஒரு போட்டோ வந்தது: நுரை, பிரஷ், நுரைக்கு நடுவே பளிச்சென்று எழுத்து. உடனே மீதி 1,800-ஐ அனுப்பிவிட்டேன். நேற்று அதே போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால் 26 x 1⅜ என்று இருக்கிறது. வேறு யாருடைய டயரோ!

பெட்டியைப் பிரித்ததும் பெட்ரோல் வாடை. வெடிப்புகளில் பஞ்சர் சொல்யூஷனை அப்பி, மேலே கருப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். எழுத்து இருந்த இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் 'டன்' மட்டும் பாதி மிச்சம். இயற்கை ரப்பர் பெட்ரோலைக் குடித்து ஊதும். பெட்ரோல் போட்டுத் துடைக்கும்போது ரப்பரில் இருந்த எண்ணெயும் மெழுகும் அதில் கரைந்து போய்விடும். காற்றிலுள்ள ஓசோனைத் தடுப்பது அந்த மெழுகுதான். அது போனால், ரப்பர் இழுபட்டு நிற்கும் இடமெல்லாம் குறுக்கே வெடிக்கும். பெயின்ட் அதைக் கொஞ்ச நாள் மறைக்கும், பிறகு செதில் செதிலாக உரியும்.

போன் செய்தால், "பழைய டயர்னா அப்படித்தான் சார்." மறுபடி கூப்பிட்டால், "ரெண்டு நாள் வெயில்ல வைங்க, வாடை போயிடும்." வெயிலிலா! பழைய ரப்பருக்கு அதைவிடக் கேடு வேறு என்ன இருக்கிறது? மூன்றாவது முறை, வேலை செய்த பையன் லீவு. இப்போது மெசேஜைப் பார்க்கிறார்கள், பதில் இல்லை. 4,800 ரூபாயாவது போகட்டும், அந்த எழுத்தை இனி எந்தக் காசு கொடுத்தும் திரும்பக் கொண்டுவர முடியாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைதான் இது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் நாலைந்து சொட்டு. மென்மையான பிரஷால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்து, நிழலில் ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். வெடிப்பை அடைக்க வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும். டியூபுக்குக் கொஞ்சம் டால்கம் பவுடர் பூசி, டயர் வடிவம் நிற்கும் அளவுக்கு மட்டும் காற்று அடியுங்கள். ஓட்டும் அளவுக்கு அடித்தால் வெடிப்பு வாய் பிளக்கும். சக்கரம் தரையில் படாமல் வண்டியை ஸ்டாண்டில் தூக்கி வையுங்கள், இல்லையென்றால் ஒரே இடம் சப்பையாகிவிடும். டயர் ஷைன் தொடவே தொடாதீர்கள், பிசுபிசுத்துத் தூசிதான் ஒட்டும்.

இன்னும் எழுத இருந்தேன், இப்போது மனசில்லை. வெளியே கொடுத்தே ஆக வேண்டுமென்றால், கொடுக்கும் முன் எழுத்தையும் வெடிப்பையும் கிட்டத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேலை நடக்கும்போது உங்கள் டயரின் அளவு தெரிகிற மாதிரி வீடியோ கேளுங்கள். அந்த அளவைப் படித்துப் பார்க்காமல் மீதிப் பணத்தை அனுப்பாதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915, நான் இன்று காலையே அதில் புகார் கொடுத்துவிட்டேன்.