42,000 டிஷ்வாஷர் எப்படி 46,667 ஆச்சு? யூடியூபர்ஸ்க்கான டாக்ஸ் கிளாஸ் ரிவ்யூ

கிளாஸ் நடத்துனவங்க பேர் போடலங்க, கடைசில கொஞ்சம் திட்டப்போறேன், எதுக்கு வம்பு. கோயமுத்தூர் காந்திபுரம் பக்கம் ஒரு ஹோட்டல் ஹால், சனிக்கிழமை காலைல 10ல இருந்து 3 மணி வரைக்கும், சாப்பாடோட 1,499 ரூபா. ஒரு முப்பது பேர் இருந்தோம், பாதி என்ன மாதிரி சமையல் சேனல், மீதி பைக், கேமிங். ஒரு தம்பி ஆடு வளர்ப்பு பத்தி போடுறானாம், எங்க எல்லாரையும் விட அவனுக்குத்தான் சப்ஸ்கிரைபர் ஜாஸ்தி.

நான் போனதுக்கு காரணமே ஒரு டிஷ்வாஷர்தான். 2024 தீபாவளி சமயத்துல ஒரு கம்பெனி அனுப்புச்சு, விலை 42,000, காசு எதுவும் இல்ல, ரெண்டு வீடியோ போட்டுட்டு மிஷின நீங்களே வெச்சுக்கோங்கன்னாங்க, நானும் ஓசில வந்துச்சேன்னு வெச்சுகிட்டேன். 2025ல வருமானவரி ரிட்டன் போடலாம்னு ஏஐஎஸ் (நம்ம பான்ல வந்த வரவு, புடிச்ச வரியெல்லாம் காட்டுற வருமானவரி சைட் லிஸ்ட்) எடுத்தா 194ஆர்னு ஒரு என்ட்ரி, 46,667 ரூபா. வீட்டுக்காரர் இது யார் குடுத்த காசுங்கறாரு, எனக்கே தெரியல, விலையும் ஒத்துப்போகல.

கிளாஸ்ல முதல் ஒரு மணி நேரம் இதுதான், அதுக்கே குடுத்த காசு வசூலாயிருச்சு. 2022 ஜூலை 1ல இருந்து இந்த 194ஆர் ரூலாம், ஒரு கம்பெனி நமக்கு வருஷத்துல 20,000க்கு மேல பொருளாவோ டூர் மாதிரியோ குடுத்தா அந்த கம்பெனி 10% டிடிஎஸ், அதாவது குடுக்கும்போதே புடிக்கிற வரி, கட்டணும். ஷூட் முடிச்சு திருப்பி அனுப்பிட்டா கணக்குல வராது, வெச்சுகிட்டா அது நம்ம வருமானம். மிஷின்ல இருந்து பத்து பர்சன்ட் வெட்டி எடுக்க முடியாதுல்ல, அதனால ஒன்னு நம்மள கட்ட சொல்லி சலான் (வரி கட்டுன ரசீது) கேப்பாங்க, இல்லன்னா அவங்களே கட்டிருவாங்க. அவங்களே கட்டுனா அந்த டாக்ஸும் நமக்கு குடுத்த சலுகைதானாம், அதையும் சேத்திதான் 46,667, அதுல பத்து பர்சன்ட் 4,667. கிளாஸ் எடுத்த சார் போர்டுல போட்டு காட்டுனப்பதான் எனக்கு வெளங்குச்சு. அந்த 4,667 என் பான்லதான் நிக்குது, கட்டவேண்டிய வரில கழிச்சுக்கலாம், வரி கம்மியா வந்தா ரீஃபண்டே வரும்.

அடுத்து ஆட்சென்ஸ், அதான் யூடியூப் விளம்பரத்துக்கு கூகுள் குடுக்குற காசு. அமெரிக்கால இருக்கவங்க பாக்குற வியூஸ்க்கு மட்டும் 2021 ஜூன்ல இருந்து யூடியூப் அந்த ஊர் வரிய புடிக்குதுல்ல, டபிள்யூ-8பென்ங்கற அமெரிக்க வரி ஃபார்ம்ல பான் போட்டு இந்தியா-அமெரிக்கா வரி ஒப்பந்தத்த கிளெய்ம் பண்ணா 15%, பண்ணலன்னா 30%. நான் அந்த கட்டத்த டிக் பண்ணாமயே விட்டிருந்தேன். நியூஜெர்சில இருந்து நம்ம சாம்பார் பொடி வீடியோவ அத்தன பேரு பாக்குறாங்கன்னு பெருமைப்பட்டேன், அந்த காசுல 30% அங்கயே போயிருக்கு. நம்ம வருமானவரி சைட்ல ஃபார்ம் 67 போட்டா அங்க புடிச்சத இங்க கழிச்சுக்கலாம்னாரு.

ஜிஎஸ்டி வேகமா ஓட்டிட்டாரு. ஜிஎஸ்டி பதிவுக்கான வருஷ வரவு 20 லட்சம் லிமிட்ல ஆட்சென்ஸ் காசும் சேரும், சிங்கப்பூர்ல இருந்து வருது அதனால கணக்குல வராதுன்னு நெனைக்காதீங்கன்னு ஒரே வரி. பைக் சேனல் பையன் மூஞ்சி அப்படியே மாறிப்போச்சு. அவனுக்கு எல்யூடி (வெளிநாட்டு வரவுக்கு ஜிஎஸ்டி கட்டாம இருக்க எழுதிக் குடுக்குற உறுதிமொழி) பத்தி இன்னும் ரெண்டு நிமிஷம் சொல்லியிருக்கலாம்.

இப்ப திட்டு. சாப்பாட்டுக்கு அப்புறம் கிளாஸே இல்ல, வருஷத்துக்கு 12,000 பேக்கேஜ், இன்னிக்கே சேந்தா 9,000னு சேலை கடை ஆடி தள்ளுபடி மாதிரி ஒன்ற மணி நேரம். நோட்ஸ் பூரா இங்கிலீஷ் பிடிஎஃப். சமையல் சேனலுக்கு வாங்குற மளிகைய செலவா காட்டலாமா, ஷூட் முடிஞ்சா அதத்தான சார் வீட்ல சாப்பிடுறோம்னு கேட்டேன், எல்லாரும் சிரிச்சாங்க, அவரும் சிரிச்சிட்டு அடுத்த ஸ்லைடுக்கு போயிட்டாரு. நான் ஜோக்குக்கு கேக்கலங்க, மாசம் ஏழாயிரம் எண்ணெயும் முந்திரியுமே ஆகுது! அப்புறம் வேற ஒரு அக்கா கேட்டப்பதான் 44ஏடிஏங்கற வருமானவரி பிரிவுல போட்டா வரவுல பாதிய லாபமா காட்டுனா போதும், மளிகை பில்லே தேவையில்லன்னு வாய தொறந்தாரு.

பிராண்ட் பொருள் வாங்கி வெச்சுக்கறவங்க, ஆட்சென்ஸ் வந்துட்டு இருக்கவங்க தாராளமா போலாம், மதியம் சாப்ட்டுட்டு கெளம்பிருங்க. இன்னும் மானிடைஸ் ஆகாதவங்களுக்கு (சேனல்ல காசு வர ஆரம்பிக்காதவங்களுக்கு) இப்ப வேணாம். அஞ்சுக்கு மூணே முக்கால் குடுப்பேன், அதுல கால் மார்க் மதிய சாப்பாட்டு புளிக்குழம்புக்கு.

பேக்கேஜ் எடுக்கல, ரிட்டன் போட எங்க தெரு ஆடிட்டர் அண்ணன்கிட்டயே குடுத்தேன், 2025ல கடைசி தேதி செப்டம்பர் 15க்கு தள்ளி வெச்சதால நேரம் இருந்துச்சு. சோசியல் மீடியா இன்ஃப்ளூயன்சர்ன்னு நமக்குன்னே இந்த 2025 ரிட்டன்ல 16021னு ஒரு தொழில் கோட் நம்பர் வந்திருக்குங்ணான்னேன். எங்க இருக்கும்மான்னு கண்ணாடிய போட்டுட்டு ஐடிஆர் 4 ரிட்டன் ஃபார்ம்ல இருக்க தொழில் லிஸ்ட்ட மேலயும் கீழயும் தேடிட்டு, அட ஆமா இருக்குதேன்னாரு.