உப்புத்தண்ணீருக்கும் அசராத நீர்ப்பிரம்மி: மொட்டைமாடி அனுபவம்

போர்வெல் தண்ணீர் உப்பு, எதை வைத்தாலும் இலை ஓரம் கருகுகிறது என்று புலம்பும் சென்னைக்காரர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது நீர்ப்பிரம்மியைத்தான். எங்கள் மொட்டைமாடியில் அது சில வருஷங்களாக இருக்கிறது. ஊற்றுவதோ ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடும் தண்ணீர். பக்கத்துத் தொட்டி ரோஜா அந்தத் தண்ணீரில் ஒரு கோடையைத் தாண்டவில்லை. நீர்ப்பிரம்மி உப்பங்கழி ஓரச் சேற்றிலும் படருகிற செடி, அதனால் கவலையே படுவதில்லை. சித்திரை, வைகாசியில் தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூக்கும். ஐப்பசி மழையில் தொட்டி நிரம்பி வழியும்போது அதெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். அடைமழையில் நாள்கணக்கில் மூழ்கிக் கிடந்தாலும் அழுகாது.

வாங்கும்போதுதான் கவனம் வேண்டும். வண்ணமீன் கடைகளில் இதன் தாவரவியல் பேரினப் பெயரைச் சொல்லி ‘பக்கோபா’ என்று கேட்டால் பல நேரம் கையில் கிடைப்பது அமெரிக்க வகை. அதற்கு இலை அகலம், கசக்கினால் எலுமிச்சை வாசனை அடிக்கும், பூ நீலம். நம்முடையதற்கு அந்த வாசனை கிடையாது. தண்டு வழவழப்பாக இருக்கும். இலை சின்னது, கரண்டி போல நுனிப்பக்கம் அகன்றது, விரலால் அழுத்தினால் சதைப்பற்று தெரியும். பூ வெள்ளை அல்லது வெளிர் ஊதா. வரப்பில் பிடுங்கி வருகிறவர்கள் பொடுதலையைக் கொண்டுவந்து விடுவதும் உண்டு. பொடுதலை இலையின் நுனியில் பல்பல்லாக வெட்டு இருக்கும், அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

தொட்டி ஆழமாக வேண்டாம், அகலமாக இருக்கட்டும். அடியில் ஓட்டை கூடாது. மாடித்தோட்டத்துக்கு எல்லோரும் கலக்கும் தென்னைநார்த் தூள் இதற்கு உதவாது, தண்ணீர் ஏறினால் மிதந்து வந்துவிடும். களிமண் கலந்த வண்டல், கொஞ்சம் மக்கிய எரு, அவ்வளவுதான். நுனித்தண்டை நாலு விரல் நீளத்துக்கு வெட்டிச் சேற்றில் படுக்க வைத்தால் கணுவுக்குக் கணு வேர் விடும். தொடக்கத்தில் கோரையைப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். செடி பாயாகப் படர்ந்த பிறகு அந்த வேலை குறைந்துவிடும். நல்ல வெயிலில் குட்டையாக, நெருக்கமாக வளரும். நிழலில் நெடுநெடுவென்று நீண்டு பார்க்கச் சகிக்காது. எப்போதாவது வெட்டுக்கிளி வரும், வேப்பெண்ணெய்க் கரைசல் போதும்.

கொசு வராதா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். தண்ணீர் தேங்கி நின்றால் கட்டாயம் வரும். ஆனால் இந்தச் செடிக்குக் குளம் தேவையில்லை, சேறு காயாமல் இருந்தால் போதும். நான் மண்மட்டத்துக்கு மேல் தண்ணீர் நிற்க விடுவதில்லை. மழைக்காலத்தில் மட்டும் தொட்டியைச் சாய்த்து வடிக்க வேண்டியிருக்கிறது. தண்ணீரோடுதான் வைப்பேன் என்றால் கப்பி மீன் விட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், சாப்பிடுவது பற்றி. நல்ல கசப்பு. தேங்காயும் புளியும் தாராளமாக வைத்துத் துவையல் அரைத்தால் கொஞ்சம் இறங்கும், வீட்டுப் பிள்ளைகள் தொடவே மாட்டார்கள். ஞாபகசக்திக்கு நல்லது என்ற பெயர் இதற்கு உண்டு. எனக்கு அப்படி எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அதிகம் சாப்பிட்டால் வயிற்றைப் புரட்டும், அது மட்டும் உறுதி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

இதைவிட முக்கியமானது, இந்தச் செடி மண்ணிலும் நீரிலும் இருக்கும் காரீயம், காட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சி உடம்பில் சேர்த்துக்கொள்ளும். சாக்கடை கலக்கும் ஏரிக்கரையில் எவ்வளவு செழிப்பாக நின்றாலும் அதைப் பறித்துச் சமைக்காதீர்கள். பழைய பேட்டரிப் பெட்டி, பெயிண்ட் டப்பாவில் வளர்ப்பதும் வேண்டாம். சாப்பிடுவதற்கென்று ஒரு தொட்டியைத் தனியாக வைத்து அதற்கு மழைநீரோ குடிநீரோ ஊற்றுகிறேன். ஆர்.ஓ. கழிவுநீர்த் தொட்டி பூவுக்கும் அதைத் தேடி வரும் சின்னத் தேனீக்களுக்கும்.

அறுக்கும்போது அடியில் இரண்டு விரல் விட்டு அறுத்தால் மறுபடி தழைக்கும். மிஞ்சுவதை ஈரச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தால் வெளியூர் போகும் வரை வாடாது. ஒருவேளை அந்த எலுமிச்சை வாசனைக்காரி உங்கள் தொட்டிக்கு வந்துவிட்டால், கழித்த தண்டுகளை ஏரியிலோ கால்வாயிலோ வீசாமல் வெயிலில் காயவைத்து உரக்குழியில் போடுங்கள்.